கால்சியம் விட்ட தட்டு

பச்சை விளக்கின் கீழ் எந்த முகமும் லட்சணமாக இருக்காது. எவ்வளவு பெரிய அழகனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கிணற்றிலிருந்து தூக்கிப் போட்டவன் மாதிரிதான் தெரிவான். அப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான் என் மனைவியை முதன்முதலில் பார்த்தேன். பார்த்தும் பிடித்துப்போனது என்றால் அது தலையெழுத்து என்பார் அவள் அண்ணன். தலையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது. அவள் என்னைத் திட்டிய விதம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இருட்டறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, எனக்கு என்ன தெரியும்? "யாருய்யா அது, அறிவிருக்கா? ராத்திரியிலேர்ந்து இருட்டுல வெச்சிருந்த செடியை எல்லாம் எழுப்பி விட்டுட்டியே!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். செடியை எழுப்புவதாமே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அது ஒரு செடி ஆராய்ச்சிக்கூடம். அங்கே விளக்குகள் என் பொறுப்பு. எந்த அறைக்கு எந்த நிற வெளிச்சம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள், செய்து கொடுப்பேன். அதனால் எல்லோருக்கும் நான் பல்பு. தலைவர் முதல் பெருக்குகிற அம்மா வரை "பல்பைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். அவள் அங்கே ஆராய்ச்சியாளர், எனக்கு மேலே. மேடம் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் வாய் மாறவில்லை. வீட்டில் கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு அதுவே அவள் பெயராகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கூப்பிட வேறு பெயரும் தேவைப்படவில்லை.

மேடத்தின் வேலை இலையின் வாயைப் பார்ப்பது. சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவன்தான். இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடு. வெளிச்சம் பட்டால், அதிலும் நீல வெளிச்சம் பட்டால், அந்த உதடுகள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, கூடவே தண்ணீரையும் குடித்து உப்பும். உப்பினால் வளையும், வளைந்தால் நடுவில் வாய் திறக்கும். செடி காற்றை உள்ளே எடுப்பது அப்படித்தான். தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் உதட்டுக்குள் கால்சியம் ஏறும். ஏறியதும் காற்றுப் போன டியூப் மாதிரி உதடு தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். வெளிச்சம் திற என்கிறது, கால்சியம் மூடு என்கிறது. இந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டேதான் மேடம் தலை நரைத்தாள்.

பச்சை விளக்கு எதற்கு என்றால், மங்கலான பச்சையை இலை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. நாம் வேலை பார்க்கலாம், அது தூங்கிக்கொண்டிருக்கும். நம் மூச்சுக்காற்று பட்டாலும் வாய் மூடிக்கொள்ளும் என்பதால் இலைத்தோலை உரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். விரல் நுனியில் இலையைக் கவிழ்த்து, பிளேடால் ஒரு கீறல், சின்ன இடுக்கியால் ஒரு இழுப்பு. வெங்காயச் சருகை விட மெல்லிசாகத் தோல் வரும். அதைக் கரைசல் ஊற்றிய கண்ணாடித் தட்டில் மிதக்க விட்டு, நீல விளக்கைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மூச்சு. மேடம் எனக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள் என்று நினைத்தால் தப்பு. "கையா அது, இல்ல உலக்கையா?" என்பாள்.

அவளுக்குப் புற்று பித்தப்பையில் ஆரம்பித்தது. தெரிவதற்குள் ஈரலுக்குப் போய்விட்டது. மருத்துவமனையில் ஒருநாள் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, வலிக்கு மட்டும் கொடுத்து, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டேன். அவள் அண்ணன் பெட்டியோடு வந்து சேர்ந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த அன்றே சமையலறையைப் பிடித்துக்கொண்டு என்னை வெளியே தள்ளிவிட்டார். தங்கையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது.

மேடம் அழவில்லை. டாக்டர் சொன்னபோதும் அழவில்லை, முடி கொட்டியபோதும் அழவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

கடைசியாக அவள் ஒன்று கண்டுபிடித்திருந்தாள். மிக மங்கலான நீல வெளிச்சத்தில் கொஞ்சமே கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் இலையின் வாய் மூடுவதில்லை, இன்னும் அகலமாகத் திறக்கிறது. எல்லாப் பாடப்புத்தகமும் சொல்வதற்கு நேர் எதிர். கட்டுரை எழுதி அனுப்பினாள். பத்திரிகைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. புதிதாக வளர்த்த செடியில் இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும். அந்தக் கடிதம் வந்தபோது அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

"நீ செய்" என்றாள்.

"நானா? உலக்கைக் கைன்னு சொன்ன."

"வேற யாரும் வேணாம். மத்தவங்க எனக்காகப் பரிதாபப்பட்டுச் செய்வாங்க. நீ செஞ்சாதான் உள்ளது உள்ளபடி வரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "பேரு வரணும்னு இல்ல. முப்பது வருஷம் பார்த்திருக்கேன். கடைசியா பார்த்தது நிஜமா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். அவ்வளவுதான் கேக்கறேன்."

தொட்டியில் அவரைக்கொட்டை ஊன்றினேன். செடி வளரும்வரை தினமும் எத்தனை இலை, என்ன நிறம் என்று கேட்பாள். பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று கேட்பது போல இருக்கும். வளர்ந்ததும் இருட்டறைக்குள் போய், மூச்சைப் பிடித்து, தோலை உரித்து, இரண்டு தட்டில் போட்டேன். ஒன்றில் சாதாரணக் கரைசல். இன்னொன்றில், அலமாரியில் மேடம் கலந்து வைத்திருந்த கால்சியம் பாட்டிலிலிருந்து. நீல விளக்கைப் போட்டுக் காத்திருந்து பார்த்தேன். கால்சியத் தட்டில் எல்லா வாயும் ஆவென்று திறந்து கிடந்தன.

போனில் மேடத்திடம் சொன்னேன். பதிலுக்கு மச்சான் குரல்தான் கேட்டது. "மாப்ளே, பாப்பா சிரிக்குது! என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!" அன்று அவள் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மச்சான் பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய், இலைக்கு வாய் இருக்கிறது என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒரு தடவை போதாது, இன்னும் சில தடவை செய்ய வேண்டும் என்பது கணக்கு. அடுத்த முறை செய்யும்போது பச்சை விளக்கு பட்டென்று போய்விட்டது. ஸ்டோர்காரர் கொடுக்கும் சரக்கு எப்போதும் அப்படித்தான். அந்த மனுஷனை அவர் பாட்டன் வரை திட்டிக்கொண்டே, செடியைத் துணியால் மூடிவிட்டு, சாதாரண டியூப்லைட்டைப் போட்டேன். மேஜையில் மேடத்தின் பாட்டில் இருந்தது. தடுமாறியதில் என் முழங்கை பட்டுச் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தேன். உள்ளே பால் கலந்தது போல வெள்ளையாகப் புரண்டது.

என்ன என்று எனக்கு உடனே புரியவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளை மெதுவாக இறங்கி அடியில் படிந்தது. மேலே தெளிந்த தண்ணீர். போன தடவை பச்சை வெளிச்சத்தில் நான் எடுத்தது அந்த மேல் தண்ணீரைத்தான். மேடம் எடுத்ததும் அதைத்தான்.

கரைசலின் புளிப்பு ஏறாமல் இறங்காமல் இருக்க நாங்கள் வழக்கமாக ஒரு பொடி சேர்ப்போம். அது தீர்ந்துபோயிருந்திருக்கிறது. மேடம் அதற்குப் பதில் பொட்டாசியம் பாஸ்பேட்டைச் சேர்த்திருக்கிறாள். லேபிளில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள். அந்த லேபிளை நானும் பலமுறை படித்தவன்தான். படித்து என்ன? பாஸ்பேட்டும் கால்சியமும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும். ஆக அந்தத் தட்டில் கால்சியமே கிடையாது. இருந்தது கூடுதல் பொட்டாசியம். உதட்டை உப்ப வைப்பதே பொட்டாசியம்தான். பிறகு வாய் அகலமாகத் திறக்காமல் என்ன செய்யும்?

வெளிச்சமான மேஜையில் கலந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கொட்டியிருப்பாள். செடியின் தூக்கம் கெடக்கூடாது, கதவைத் திறந்து மூடக்கூடாது என்று இருட்டறைக்குள்ளேயே கலந்திருக்கிறாள். பச்சை மங்கலில் கலங்கலும் ஒன்றுதான், தெளிவும் ஒன்றுதான். பொடி வந்து சேரும்வரை ஏன் பொறுக்கவில்லை? அந்த மாதங்களில் சாயங்காலமானால் அவளுக்குக் காய்ச்சல் வரும். அசதி என்று சொல்லிக்கொண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். அவள் உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நாள் இல்லை என்று. "ஏன்டி இத்தனை அவசரம் உனக்கு?" என்று அந்தக் காலி அறையில் கத்தினேன். அவளை 'டி' போட்டுப் பேசியது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை.

புதிய பொடி வாங்கி, புதிய பாட்டிலில், நல்ல வெளிச்சத்தில் கலந்தேன். செய்தேன். கால்சியத் தட்டில் வாய்கள் இறுக்கமாக மூடிக் கிடந்தன. என் கைதான் சரியில்லை என்று மறுபடி செய்தேன். மறுநாள் வேறு செடியில் செய்தேன். பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே படம் எடுத்தது போல மூடியிருந்தன.

வீட்டுக்குப் போனதும் முதலில் மச்சானிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவருக்குப் பாஸ்பேட் புரியவில்லை. பாப்பா தப்பு செய்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. கரண்டியை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"திறந்துடுச்சுன்னு சொல்லிடுங்க மாப்ளே. அது நாலு நாளா சந்தோஷமா இருக்கு. போற உயிர் நிம்மதியா போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"திறந்துச்சா?" என்றாள் மேடம்.

"ஜம்முனு திறந்துச்சு."

"புதுசா கலந்தியா?"

"ஆமா. போன தடவையை விட நல்லாவே வந்திருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "பச்சை பல்பு போச்சுன்னியே, மாத்தினாங்களா?"

"மாத்தியாச்சு. ஸ்டோர்ல கேட்டதும் குடுத்துட்டார். பாவம், நல்ல மனுஷன்."

கண்ணைத் திறந்தாள்.

"யாரு, ஸ்டோர்காரரா நல்ல மனுஷன்?"

"ஏன், அவருக்கென்ன?"

"அந்த ஆளைத் திட்டாம நீ ஒரு நாளாவது வீட்டுக்குள்ள காலை வெச்சிருக்கியா? வந்ததிலேர்ந்து பார்க்கறேன், பஸ்ஸைத் திட்டல, வெயிலைத் திட்டல, தலைவரைத் திட்டல. எல்லாரும் நல்லவங்களா ஆயிட்டாங்க இன்னிக்கு. என்ன ஆச்சு? சொல்லு."

"ஒண்ணும் ஆகல மேடம்."

"மேடம்னு கூப்பிடறேல்ல? அப்ப மேடம்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு. சாகப்போறவகிட்ட சொல்ற மாதிரி சொல்லாதே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டில் என் பையிலேயே இருந்தது. அங்கே விட்டுவிட்டு வர மனம் வராமல் எடுத்து வந்திருந்தேன். கொடு என்று கையை நீட்டினாள். ஜன்னல் வெயிலில் பிடித்து மெல்லச் சாய்த்தாள். அடியிலிருந்து வெள்ளை எழுந்து புரண்டது. மறுபடி சாய்த்தாள்.

"இவ்வளவு வெள்ளையா இருக்கே. இதுகூடவா தெரியல எனக்கு?"

"எனக்கும்தான் தெரியல. அந்த வெளிச்சத்துல யாருக்கும் தெரியாது."

"காலேஜ் பசங்க யாராவது இப்படிக் கலந்திருந்தா தோலை உரிச்சிருப்பேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து அழாதவள், பாட்டிலை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் அவள் காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். கதவருகே நின்ற மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும்.

அழுது முடித்துவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கரைசல் தயாரித்ததில் என் தவறு, முடிவு செல்லாது, சிரமத்துக்கு வருந்துகிறேன். நோயைப் பற்றி ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாள். "அனுப்பிடு. நாளைக்குன்னு வெச்சுக்காதே." அவள் எதிரிலேயே அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி, கட்டுரையை நீக்கிவிட்டோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். படித்துக் காட்டினேன். சரி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. மச்சான் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார், வாயைத் திறக்க மாட்டாள். ஒருநாள் தட்டைக் கொண்டுவந்து சமையல் மேடையில் டங்கென்று வைத்தார்.

"ஒரு பொய் சொன்னா உங்க தலைக் கிரீடம் இறங்கிடுமா மாப்ளே?"

"சொன்னேன் மச்சான். கண்டுபிடிச்சிட்டா. உங்க தங்கச்சிதானே, வேற எப்படி இருப்பா?"

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியலன்னு சொல்லுங்க."

பொய் சொல்லத் தெரியாதவனோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினாளே, அதனால்தானே என்னைச் செய்யச் சொன்னாள்? அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எலும்பும் தோலுமாக அவள் படுத்திருப்பதைப் பார்க்கும்போது எந்தச் சமாதானமும் நிற்கவில்லை.

வலி அதிகமாயிற்று. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டினார். இனி கொஞ்சம் மயக்கமாகவே இருப்பார், பேச்சு முன்பின்னாக வரும், பயப்படாதீர்கள் என்றார். அவர் கிளம்பியதும் மேடம் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மயக்கம் ஏறுறதுக்குள்ள எனக்கு ஒண்ணு பார்க்கணும்."

"என்ன?"

"சரியா கலந்த கரைசல்ல, கால்சியம் விட்டா மூடுதுன்னு சொன்னியே. அதை என் கண்ணால பார்க்கணும். மூடுறதைப் பார்த்துட்டா மனசு ஆறிடும். காதால கேட்டதுல ஆறல."

தலைவரிடம் போய் நுண்நோக்கி வேண்டும் என்றேன். வெளியே கொண்டுபோகவே கூடாத கருவி. எதற்கு என்று கேட்டவர், சொன்னதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இரவல் வாங்கிய காரை மச்சான் ஓட்டினார். நுண்நோக்கிக்குப் பின்சீட்டில் பெல்ட் போட்டு, பக்கத்தில் நான் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். "கொஞ்சம் வேகமா போகலாம் மச்சான்" என்றதற்கு, "முப்பது வருஷத்துல ஒரு கீறல் கிடையாது, வாயை மூடிக்கிட்டு வாங்க" என்றார். சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மறுநாள் காலையில் ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டு அவள் அறையையே இருட்டறை ஆக்கினோம். பச்சை விளக்கு ஒரு மூலையில். முந்தின இரவே கறுப்புத் துணி போட்டு மூடிய செடி நாற்காலியில். மச்சானிடம் தட்டைப் பிடிக்கச் சொல்லி, தோலை உரிக்கும்போது மூச்சு விடக்கூடாது என்றேன். நான் உரித்து முடித்தும் அவர் மூச்சு விடவில்லை. கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தார். விடலாம் என்றதும் புஸ் என்று விட்டார். கட்டிலிலிருந்து மேடம் சிரித்தாள். அப்புறம் அப்படியே தூங்கிவிட்டாள்.

நீல விளக்கின் கீழ் தட்டுகளை வைத்துவிட்டு நாங்கள் இருவரும் காத்திருந்தோம். நேரமானதும் முதலில் நான் பார்த்தேன். கால்சியம் இல்லாத தட்டில் வாய்கள் திறந்திருந்தன. கால்சியம் விட்ட தட்டில் மூடியிருந்தன. மச்சானையும் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"இது திறந்திருக்கு, இது மூடியிருக்கு. எனக்கே தெரியுது" என்றார் மெதுவாக. "எவ்வளவு சின்னதா இருக்கு. இதையா பாப்பா இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டிருந்துச்சு?"

அவளை எழுப்பினோம். எழுந்ததும் மணி என்ன, பஸ் போய்விட்டதா என்று கேட்டாள். எந்த பஸ்ஸோ. அறையைச் சுற்றிப் பார்த்தாள். பச்சை வெளிச்சத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டவள் மாதிரி இருந்தாள். தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து, நுண்நோக்கியைக் கட்டில் மேஜையில் இழுத்து வைத்து, அவள் நெற்றியை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். நெற்றி கொதித்தது.

"கால்சியம் தட்டை வை."

வைத்தேன். திருகை மெல்லத் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும். நில்லு, நில்லு."

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இமை அடித்துக்கொள்வது என் விரலில் பட்டது.

"திறந்திருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தட்டை மாற்றி வைத்துவிட்டேனா? குனிந்து ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கால்சியம்தான். அவளை மெல்லச் சாய்த்துவிட்டு நானே கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாம் இறுக மூடியிருந்தன.

"எந்தத் தட்டு அது?" என்று கேட்டாள்.

"கால்சியம்."

"நான்தான் சொன்னேன்ல?" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. நோய் வருவதற்கு முன்பு இருந்த சிரிப்பு. "யாரும் நம்பல. மூடும் மூடும்னாங்க. எவ்வளவு அழகா திறந்திருக்கு பாரு. நீயும் பார்த்தேல்ல?"

மச்சான் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நான் இப்போதும் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

"பார்த்தேன் மேடம்" என்றேன். "திறந்திருக்கு."

"நல்லா?"

"நல்லா. ஆன்னு திறந்திருக்கு."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவளாகப் புருவத்தைச் சுருக்கினாள்.

"அந்த லெட்டரை அனுப்பிடாதே. வாபஸ்னு எழுதினோமே. அதை அனுப்பிடல இல்ல?"

"அனுப்பல மேடம்" என்றேன். என் குரல் உடைந்தது. கை நடுங்கியது, அவள் பிடித்திருந்த அதே கை. கண்ணை நேராகப் பார்க்கவும் முடியவில்லை. இவ்வளவு மோசமாக ஒரு பொய்யை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் அதைப் பிடித்துவிடுவாள், "என்கிட்டயா புளுகறே" என்று ஒரு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டிவிடக் கூடாதா என்று இருந்தது.

"நல்லவேளை" என்றாள் மேடம். நம்பிவிட்டாள்.

மச்சான் வந்து என்னை அந்தப் பக்கம் அழைத்துப் போனார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.